இடது கையில் ஒரு களிமண் உருண்டை

எங்கள் கம்பெனியின் ஃபினிஷிங் பகுதிக்குப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், முதல் வாரம் முடிவதற்குள் இடது கையில் ஒரு களிமண் உருண்டையை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்துவிடுவார்கள். எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். எதற்கு இது என்று கேட்டால், "அப்பதான்க்கா வேலை சுத்தமா வரும்" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் கையை நீட்டி என்னைக் காட்டுவார்கள். நான் யாருக்கும் சொன்னதில்லை. நான் வைத்திருந்தேன், அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். கம்பெனியில் பெயர் வாங்கிய ஒருத்தி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்திருந்தால் இந்நேரம் இருபது முறம் வாங்கியிருப்பார்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. எங்களுடையது சின்னது. விளக்கு, குருவி, பிள்ளையார், தவழும் கிருஷ்ணன், இவைதான் சரக்கு. மண் கூழை அச்சில் ஊற்றி எடுத்து, பாதி காய்ந்ததும் பொம்மைகள் எங்கள் மேஜைக்கு வரும். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில், உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பான்ஜால் துடைத்து, சூளைக்கு அனுப்புவது எங்கள் வேலை. மற்ற கம்பெனிகளில் பொம்மையை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் சுரண்டுவார்கள். நான் பொம்மையைச் சுற்றுப் பலகையில் ஈரத்துணி விரித்து நிறுத்திவிடுவேன். இடது கை பொம்மையைத் தொடாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத்தான் நான் இருபது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

என் வலது கை எதைச் செய்தாலும் இடது கையும் அதையே செய்யும். வலது கை சட்டைப் பட்டன் போட்டால் இடது கை காற்றில் பட்டன் போடும். வலது கை எழுதினால் இடது கை விரல்கள் மேஜைமேல் எழுதும், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டு. பெரிய ஆட்டமெல்லாம் இல்லை. உற்றுப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பச்சை மண் பொம்மை உற்றுப் பார்க்கத் தேவையில்லை, அதற்கு உடனே தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மூன்று பிள்ளையார்களின் தொந்தியில் என் விரல் பள்ளம். வலது கை முதுகைச் சுரண்ட, இடது கை தொந்தியைப் பிசைந்திருக்கிறது. சூப்பர்வைசர் பிள்ளையார்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பசியாம்மா?" என்று கேட்டார். மறுநாள்தான் இடது கைக்குப் பிசைய ஒரு உருண்டையைக் கொடுத்துவிட்டு, பொம்மையைப் பலகையில் ஏற்றினேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையாருக்கும் என்னால் சேதாரம் இல்லை.

என் அப்பாவுக்கும் இது இருந்தது. விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கும் மங்களூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அப்பா வலது கையால் விதை வீசும்போது, ஒன்றுமில்லாத இடது கையும் வீசும். வரப்பில் நிற்பவர்கள், "அந்தக் கையில என்னத்த வெதைக்கிற?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆம்பளை, சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குச் சிரிக்கிற வசதி இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், இது பீச்சாங்கைப் பழக்கம் எட்டிப் பார்க்கிறது என்று முடிவு கட்டி, நான் எழுதும்போதெல்லாம் இடது கையைப் பெஞ்சுக்கு அடியில் வைக்கச் சொன்னார். அங்கேயும் அது எழுதிக்கொண்டுதான் இருந்தது. டீச்சருக்குத் தெரியவில்லை, அதனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் பாதி வியாதி இப்படித்தான் குணமாகிறது.

பெண் பார்க்க வந்தவர்களும் பார்க்கவில்லை. காபித் தட்டைப் பிடித்தால் இரண்டு கைக்கும் ஒரே வேலைதானே. தட்டு எனக்குச் செய்த உபகாரம் வேறு யாரும் செய்யவில்லை. சேத்தியாத்தோப்புக் குடும்பம், பையனுக்கு விருத்தாசலத்தில் வேலை. கல்யாணம் முடிந்தது. வீட்டில் என் இடது கை எப்போதும் எதையாவது பிடித்தே இருக்கும். முந்தானை நுனி, கரித்துணி, சாவிக்கொத்து. "இவளுக்குச் சும்மா இருக்கவே தெரியாது" என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

என் மகளுக்கு நான்கு வயதிருக்கும். தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் கோழி வரைந்துகொண்டிருந்தாள். இடது கை தரையில் இன்னொரு கோழி வரைந்துகொண்டிருந்தது. சாக்பீஸ் இல்லாமல். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. என் நாத்தனாரும் பார்த்தாள். அவள் பார்க்காத விஷயம் உண்டா?

"என்னா இது, இந்தக் கையும் ஆடுது? எங்க வூட்ல யாருக்கும் இப்படி இல்லையே."

"எங்க வூட்லயும் இல்லைங்க" என்றேன். யோசிக்காமல் வந்தது. ஒரே ஒரு பொய். அதற்கு முட்டுக் கொடுக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

இல்லை என்று சொல்லியாயிற்று, அப்படியென்றால் இது பழக்கம்தான். பழக்கமென்றால் திருத்த வேண்டும். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை, வீட்டில் எழுத உட்காரும்போதெல்லாம் அவள் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு ரிப்பனால் கட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னிவிடும் அதே சிவப்பு ரிப்பன். இறுக்கமாகக் கட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. "கவனம் எங்க இருக்குது? எழுதுற கையைக் கவனி. இந்தக் கை ஏன் ஆடுது? திமிருதானே?" என்று கத்துவேன். கத்தும்போது என் இடது கையில் முந்தானை இருக்கும். கவனத்தால் ஒன்றும் ஆகாது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான், கத்துகிறவளும் நான்தான். இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். "வளந்தா சரியாப் போயிடும், வுடு" என்பார். இதே வார்த்தையை ஒழுகும் குழாய்க்கும் சொல்வார்.

அவள் வளர்ந்தாள். சரியாகவில்லை. எனக்கு இருப்பதைவிட அவளுக்குப் பலமாகவே இருந்தது. போன வருஷம் ப்ளஸ் ஒன் லீவில், இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போவதுபோல அவளும் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனாள். நான்தான் அனுப்பினேன். என் புத்தியை என்ன சொல்ல! பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தேடிப் பிடித்து, அதற்கு ஃபீஸும் கட்டினேன்.

முதல் பாடமே இடது சுண்டு விரலில் ஆரம்பிக்கும். இவள் இடது சுண்டு விரலை அழுத்தினால் வலது சுண்டு விரலும் அழுத்தியது. பழைய மெஷின். இரண்டு எழுத்துக் கம்பிகளும் ஒரே நேரத்தில் எழும்பி நடுவில் சிக்கிக்கொண்டு நின்றன. பிரித்துவிட்டு அடுத்த விரல். மறுபடியும் சிக்கல். பத்து நாள் பார்த்துவிட்டு அந்த சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரு விரல்னா ஒரு விரல் அடிக்கணும்மா. இவ ரெண்டு ரெண்டா அடிக்கிறா. மெஷினு என்னாத்துக்கு ஆவும்? சொன்னா தலையாட்டுறா, மறுபடியும் அதையே செய்யுறா. கவனமே இல்ல. திமிரு."

என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளே வேறொரு வாயிலிருந்து வந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மெஷினைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சொன்னாள். "நான் பப்ளிக் எக்ஸாம் எழுத மாட்டேன்."

"ஏண்டி?"

"மூணு மணி நேரம் எழுதுனா ரெண்டு கையும் வலிக்குது. எழுதாத கையும்தான் வலிக்குது. எந்தப் பரீட்சையும் முடிச்சதே இல்ல நானு. சும்மா கத்தாத. எனக்குக் கவனம் இல்ல, திமிரு. நீதான சொல்லுவ? அப்படிப்பட்டவ எதுக்கு எழுதணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கணக்கு விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

பிறகு ஆரம்பித்தது ஒரு அலைச்சல். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கை நல்லாத்தானே இருக்குது" என்று சத்து மாத்திரை எழுதினார். இன்னொருவர் ரத்தம் கம்மி என்றார், அதுவும் சத்து மாத்திரைதான், நிறம் வேறு. ஒருவர் செல்போனைக் குறைக்கச் சொன்னார். என் நாத்தனார் பழமலைநாதர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அவள் வீட்டுக்காரர் அதற்கும் ஒருபடி மேலே போய், "ரெண்டு கையாலயும் எழுதுவாளாமே, வீடியோ எடுத்துப் போடுங்க, வைரலாவும்" என்றார். ரெண்டு கையால் எழுதவில்லை ஐயா, ஒரு கைதான் எழுதுகிறது, இன்னொன்று மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்று யார் அவருக்கு விளக்குவது? நான் காபி டம்ளரைச் சத்தம் வரும்படி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கடைசியில் எங்கள் சூப்பர்வைசர்தான், பாண்டிச்சேரியில் நரம்புக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். விடிகாலை பஸ். அங்கே வரிசை. டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு ஒரு வரிசை, அந்த வரிசை எது என்று கேட்க இன்னொரு வரிசை. மத்தியானம் ஒரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மகளை எதிரில் உட்கார வைத்து, வலது கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். வலது கை தொட்டது. மடிமேல் கிடந்த இடது கையும் வரிசை மாறாமல் தொட்டது. மகள் வழக்கம்போல இடது கையைத் தொடைக்கு அடியில் திணிக்கப் போனாள்.

"வேணாம்மா, ஆடட்டும். நான் பாக்கணும்" என்றார் டாக்டர். அந்தக் கையைப் பார்த்து ஆடட்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர். என் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். "எந்த ஊரு? விருத்தாசலமா? அப்ப சுலபம், ஜங்ஷன்காரங்களுக்கு லைன் மாறுறதுன்னா தெரியும்" என்றார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் ரயில் ஜங்ஷனைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. இருந்தாலும் கேட்டேன். மூளையின் வலது பக்கம்தான் இடது கையை ஆட்டுகிறதாம், இடது பக்கம் வலது கையை. அதற்காக மூளையிலிருந்து இறங்கும் நரம்பு இழைகள் கழுத்துக்கு மேலே ஓரிடத்தில் பக்கம் மாறுகின்றன. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அந்த இழைகள் வளர்ந்து வழி தேடிப் போகும். இங்கே தாண்டு, தாண்டியபின் திரும்பி வராதே என்று அவற்றுக்கு வழி காட்டும் பொருளைச் செய்யச் சொல்லும் குறிப்பு ஜீனில் இருக்கிறது. சிலருக்கு அந்தக் குறிப்பில் ஒரு சின்னப் பிசகு. இழைகளில் கொஞ்சம் தாண்டாமல் அதே பக்கமே இறங்கிவிடும். அப்புறம் ஒரு கைக்கு அனுப்பிய உத்தரவு இரண்டு கைக்கும் போய்ச் சேரும்.

"ரொம்பச் சின்னக் குழந்தைங்க எல்லாருக்கும் இது கொஞ்சம் இருக்கும், போகப் போகக் குறைஞ்சிடும். இவளுக்குக் குறையாது. கூடவும் செய்யாது. மருந்து கிடையாது, தேவையும் இல்ல. புத்திக்கு ஒண்ணும் ஆகாது" என்றவர், என் மகள் பக்கம் திரும்பினார். "கவனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போட்ட பாதை இது."

"யாருகிட்டருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் மகள்.

"அம்மாகிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோ வரலாம். சில பேருக்கு யாருகிட்டயும் இல்லாம புதுசாவும் வரும்." டாக்டர் பேனாவை எடுத்தார். "குடும்பத்துல யாருக்காவது இருக்குதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் இடது கையில் பையின் காது இருந்தது, நன்றாகப் பிடித்திருந்தேன்.

"இல்லைங்க. புதுசாத்தான் இருக்கும்."

அவர் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கொடுக்க ஒரு கடிதமும் தந்தார், பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு. அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மாணவர்களுக்குச் சொல்லித்தர இவள் கையை வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், மகள் சரி என்றாள். மைனர் என்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டும். "பையைக் கீழ வச்சிட்டு நிதானமாப் போடுங்கம்மா" என்று அவரே பையை வாங்கித் தரையில் வைத்தார். நான்கு இடத்தில் கையெழுத்து. முழுப் பெயர்.

முதல் கையெழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் மகளின் நாற்காலி என் பக்கம் நகர்ந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. என் இடது கை மேஜைமேல் போட்டிருந்த கண்ணாடிப் பலகையில், என் பெயரைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருந்தது. நிறுத்தவும் முடியாது. நிறுத்த முடியாது என்று இப்போதுதான் படம் போட்டு விளக்கியிருந்தார். நான்கு கையெழுத்தையும் போட்டு முடித்தேன். டாக்டர் தன் தாளில் எழுதியிருந்த ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, "அம்மா" என்று எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். பண்ருட்டி தாண்டும்வரை திட்டுவாள், அழுவாள் என்று நான் காத்திருந்தேன். ஏதாவது ஒன்றைச் செய்து தொலைத்தால் நன்றாக இருக்குமே என்றிருந்தது. நெய்வேலி வந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கம்பெனியில அக்காங்க எல்லாம் மண்ணு உருண்ட வச்சிருக்காங்களே, அது இதுக்குத்தானா?"

"ம்."

"வேலை செய்யுதா?"

"செய்யுது."

அவ்வளவுதான்.

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். எனக்கு இப்படி ஒரு கை, அதற்காகத்தான் உருண்டை, உங்கள் கை நல்ல கை, உங்களுக்கு இது வேண்டாம், கீழே போடுங்கள் என்றேன். இருபது வருஷ ரகசியம். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இன்னொருத்தி, "பாவம்க்கா" என்றாள். பிறகு எல்லாரும் போய் உட்கார்ந்து, இடது கையில் உருண்டையை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். "இருக்கட்டும்க்கா, பழகிப்போச்சு, இது இல்லாம ஓட மாட்டேங்குது" என்றார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாயங்காலம், நல்ல மண்ணாகப் பார்த்து ஒரு உருண்டை பிடித்து, ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மகள் அதே பழைய நாற்காலியில் இருந்தாள், மேஜைமேல் பாடப்புத்தகம் மூடிக் கிடந்தது. உருண்டையை அவள் இடது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். "பிசைய வுடு. நிறுத்தப் பாக்காத. அது பாட்டுக்குப் பிசையட்டும், நீ எழுது."

புத்தகத்தைத் திறந்து ஒரு நீளமான விடையை எழுத ஆரம்பித்தாள். வலது கை எழுதியது, இடது கை மண்ணைப் பிசைந்தது. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பினாள். நான் பக்கத்திலேயே நின்றேன், கையில் எதையும் பிடிக்காமல். மூன்றாவது பக்கத்தில், தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"யாரோ அக்காங்களுக்கெல்லாம் மண்ணு கெடச்சுது. எனக்கு ரிப்பன்."

அதைச் சொல்லும்போதும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.